குறை: புகை

மாதத்தின் இரண்டாம் சனி,
குன்னூர் பெட்ஃபோர்டில்
டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பூட்டிய பிறகு
அதன் மாடியில் கூடுவோம்.
ஐந்து பேர். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டிய குப்பி
படியேறக் கூடாது என்பது சட்டம்.
சட்டம் போட்டவர் டெஸ்மண்ட்.
அருவங்காடு வெடிமருந்து ஆலையில்
முப்பத்தோரு வருஷம் தராசு பார்த்தவர்.
அவர் ஊற்றினால்
எந்தக் கோப்பைக்கும் ஒரு சொட்டு கூடாது, குறையாது.

குப்பிக்கு நாளிதழ் சுற்றி
ரப்பர் வளையம் மாட்டி எண் எழுதுவது பிலோமினா.
பிரசவ வார்டில்
பிள்ளைகளின் கையில் அடையாளப் பட்டை கட்டும் விரல்கள்.
தீர்ப்பை டைப்படிப்பது குலசேகர்.
புள்ளி விழாத தமிழ் மெஷின்,
எங்கள் பதிவேட்டில் இன்றுவரை எல்லாமே
'விஸகி'.

நான் தேயிலை ருசிப்பவள்.
ஏலத்துக்கு முன்பு தினம் முந்நூறு கோப்பை:
உறிஞ்சுவேன், நாக்கில் உருட்டுவேன், துப்புவேன்.
முதல் கூட்டத்தில் பழக்க தோஷம்.
நான் உறிஞ்சிய சத்தத்துக்கு எதிர்க்கடை நாய் குரைத்தது.
அப்புறம் ஜன்னல் வழியே துப்பிவிட்டேன்.
"அது அம்பது ரூபாம்மா" என்றார் டெஸ்மண்ட்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.
இப்போது விழுங்கப் பழகிவிட்டேன்.

இந்த மாதம் மூன்று குப்பி.
வெளியே அப்படியொரு மஞ்சு,
மேட்டுப்பாளையம் போகும் கடைசி பஸ்
வெறும் ஹாரனாகக் கடந்து போனது.

ஒன்று, அயர்லாந்து.
யாரோடும் சண்டைக்குப் போகாதது.
வர்க்கி வேகும் அடுப்பிலிருந்து
கடைசித் தட்டை இழுக்கும்போது வரும் வாசம்.
இரண்டு, ஸ்காட்லாந்துக் கலவை.
"டிங்சர்," என்றாள் பிலோமினா,
"அப்புறம், கொஞ்சம் தாமதமா, பேரிக்காய்."

மூன்று
மூக்குக்கு வருமுன்பே தெரிந்துவிட்டது.
இவனை எனக்குத் தெரியும்.
உலர்த்தும் அடுப்பில் விரிசல்,
ஈர விறகு,
கசிந்து இலைக்குள் ஏறிக்கொண்ட புகை.
புதன்கிழமைதான் எழுதினேன்,
லாட் நூற்றுப் பதினான்கு.
குறை: புகை.
கிலோவுக்கு ஒன்பது ரூபாய் இறங்கியது.

டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.
குலசேகர் தட்டினார்:
புகை. அருமை. பத்துக்கு ஒன்பது.

போஜனுக்குக் கட்டபெட்டுக்குக் கீழே ஒன்றரை ஏக்கர்.
பச்சை இலை போடுவது
நூற்றுப் பதினான்கின் ஃபேக்டரிக்கு.
ஒரு மிடறு குடித்தார். இன்னொன்று.
"எங்க இலையில இருந்தா குத்தம்,
குப்பியில இருந்தா குணமா?"

கோபமில்லை. நிஜமாகவே கேட்டார்.

அங்கே தெரிந்து ஏற்றுகிறார்கள்,
இங்கே தெரியாமல் ஏறிவிடுகிறது என்றேன்.
"தெரியாமலா? வெறகு ஈரம்னு
ஐப்பசியிலயே நான் சொன்னேனே."

டெஸ்மண்ட் சமாதானத்துக்கு வந்தார்.
சதுப்பில் வெட்டிய மண்ணைக் காயவைத்து எரித்து
அந்தப் புகையில் பார்லியை வாட்டுவார்களாம்.
"கறுப்பு மண்ணா?" போஜன் நிமிர்ந்தார்.
"வெட்டினா செங்கல் மாதிரி வருமா?
எங்க ஹட்டிக்குக் கீழேயே இருக்கு.
எருமை எறங்கிட்டா
நாலு பேர் கயிறு போட்டுத்தான் இழுக்கணும்."

கொஞ்ச நேரம் ஐவரும்
அந்த எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிலோமினா நாளிதழை உரித்தாள்.
மூன்றுதான் இருப்பதிலேயே மலிவு,
ஆயிரத்து அறுநூற்று எண்பது.
மிச்சத்தைப் போஜன் கொண்டுபோகட்டும் என்று
சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார் டெஸ்மண்ட்.
போஜன் வேண்டாம் என்றார்.
படியிறங்கும்போது வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை
வரிசையில் நாற்பத்தேழாவது கோப்பை.
அதே ஃபேக்டரி, அதே விரிசல்.
குறை: புகை என்றுதான் எழுதினேன்,
வேறென்ன எழுத முடியும்.
எச்சில் தொட்டியைத் தள்ளி வந்த பெரியநாயகி
எனக்காக நின்றாள்.
நின்றுகொண்டே இருந்தாள்.
விழுங்கிவிட்டிருந்தேன்.