பொருள்வகைப் பங்களிப்பு

அமைச்சகம் எழுபது தரும்,
கம்பெனி முப்பது போட வேண்டும்,
பணமாகவோ பொருளாகவோ.
பணமில்லை என்றார் மேனேஜர்.
பொருளென்று என் நோட்டைக் கொடுத்தார்.

சுஹார். கடலைக் குடிநீராக்கும் ஆலை.
பதினோரு வருஷ இரவுப்பணி:
எந்தப் பம்பு எப்போது மூச்சுவாங்கியது,
எந்தக் காற்றுக்குச் சொறிமீன் வந்து
வலையை அடைத்தது,
ஓரத்தில் மகளின் ஹாஸ்டல் பீஸ்,
எல்லாம் தமிழில்.

படிவத்தின் ஆறாம் பத்தியில்
நோட்டின் மதிப்பு நாலாயிரம் ரியால்.
என் சம்பளம் நூற்றறுபது.

பல்கலைக்கழகத்திலிருந்து பத்ரியா வந்தார்.
"வாசியுங்கள், எழுதிக்கொள்கிறேன்."
வாசித்தேன், என் உடைந்த அரபியில்.
ஓரத்தை மட்டும் தாண்டினேன்.
விரல் வைத்துக் கேட்டார்,
"இந்த எண்கள்?"
"அழுத்தம்" என்றேன்.
முழுப் பொய்யுமில்லை.

மூன்று மாதம் கழித்து
வரைபடம் வந்தது, அரசு முத்திரையோடு.
கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து:
"ஜூன்தோறும் அழுத்தம் எகிறுகிறதே,
கடலில் அப்போது என்ன?"

மூன்றாம் பம்பு இருமிக்கொண்டிருக்கிறது.
சொறிமீன் என்று எழுதினேன்.
அடித்தேன்.
மகளுக்கு இது கடைசி வருஷம்,
அடுத்த ஜூனில் கடல் அடங்கிவிடும்
என்று எழுதலாமா?