ஏழாம் அதிகாரம்

கோட்டைக் கதவை மூன்று நாள்
ஒற்றை ஆளாய்க் காத்தாள் நாச்சாள்
என்று எழுதி முடித்த இரவு
நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன்.
பதினாலு வயதுப் பெண்.
கையில் வேல்கம்பு, கண்ணில் தீ.
கண்ணில் தீ என்று எழுத
இரண்டு நொடிகூட ஆகவில்லை எனக்கு.

புத்தகம் வந்து நாலாம் மாதம்
சென்னிமலையிலிருந்து ஒரு கடிதம்.
கணக்கு நோட்டில் கிழித்த தாள்.
மு. தர்ஷிகா, எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு.

"அக்கா, கதை நல்லா இருந்துச்சுங்க.
ஒரே ஒரு சந்தேகமுங்க.
மூணு நாளும் நாச்சாள்
ஒண்ணுக்கு எங்க போனா?"

சிரித்தேன்.
ஈரோட்டு பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி சிரித்தேன்.
ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் பஸ் நிற்க
சிரிப்பும் நின்றுபோனது.

கதவின் கனம் தெரியும் எனக்கு.
அன்றைக்குக் குதிரை என்ன விலை,
நாளைக்கு எத்தனை வள்ளம் கொள்ளு தின்னும்,
பாளையக்காரர் கொடியில் என்ன நிறம்,
எல்லாம் நூலகத்தில் குறிப்பெடுத்தேன்.
இது மட்டும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

எனக்குப் பதினாறு வயது.
திருப்பூரில் பனியன் கம்பெனி, பிசிறு வெட்டும் வேலை.
இருந்த ஒரே கக்கூஸுக்கு
சூப்பர்வைசர் மேசையைத் தாண்டிப் போகணும்.
அவன் கடிகாரத்தைப் பார்ப்பான்,
பிறகு நம்மைப் பார்ப்பான்.
ஓவர்டைம் உண்டென்றால்
மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் தொடமாட்டேன்.
தொண்டை பஞ்சடைத்துக் கிடக்கும்,
கத்தரி ஓடிக்கொண்டே இருக்கும்.
அதை நான் எங்கும் எழுதியதில்லை.
வீரத்தில் அது சேருமென்று
யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு
ஏழாம் அதிகாரத்தைத் திரும்ப எழுதினேன்.
தீயை அடித்துவிட்டேன்.
கோழி கூப்பிடுமுன் நாச்சாள்
எருக்கஞ்செடி மறைவுக்குப் போகிறாள்.
அதுவரை கதவுக்கு முதுகு கொடுத்து நிற்கிறவள்
குதிரைக்குத் தண்ணீர் சுமந்தவள்.
முதல் பதிப்பில் "ஒருத்தி" என்று
அரை வரியில் வந்துபோனாளே, அவளேதான்.
பேர் வைத்தேன்: குருவாத்தாள்.
வேல்கம்பு அவள் உயரத்துக்கு நீளம்.
நடுங்குகிறாள். நிற்கிறாள்.

ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேன்,
அறுபத்து மூன்றாம் பக்கத்தில் காகிதம் வைத்து.

பத்தாம் நாள் பதில்.
அதே கணக்கு நோட்டுத் தாள்,
மறுபக்கம் பாதி போட்ட வகுத்தல்.

"ரொம்ப சந்தோசமுங்க அக்கா.
அப்ப குருவாத்தா எப்பப் போவா?"