சுண்ணாம்புக் கணக்கு

பளிங்கில் வேகும் பளிங்கு, வேகாத பளிங்கு
என்று இரண்டுதான்.
கடவுளா, அரசனா, எவனோ ஓர் எண்ணெய் வியாபாரியா
என்று காளவாய் கேட்பதில்லை.
மூன்று பகல், மூன்று இரவு, பைன் விறகு.
முதலில் விரல்கள் தெறிக்கும்.
முகம் கடைசிவரை முகமாகவே நின்று
தண்ணீர் பட்டதும் சீறிச் சரியும்.

என் பெயர் விந்தெமியாலிஸ்.
ஓஸ்தியாவில், மணல் தூர்த்த பழைய துறைக்குப் பின்னால்
என் காளவாய்.
ஞானஸ்நானம் எடுத்து ஒன்பது வருடம்.
அதற்கு முன் என்னவாக இருந்தாய் என்று
யாரும் கேட்டதில்லை,
எல்லாரும் அதுவாகத்தான் இருந்தார்கள்.

ஆயர் வீட்டுக் கணக்கன் பிரிமித்தீவுஸ் வந்தான்.
புதுத் தேவாலயத்துக்கு எழுபது கூடை,
உயிர்ப்புத் திருநாளுக்குள்.
"சேரெஸ் கோயிலில் எடுத்துக்கொள்,
அங்கே இப்போது ஆடுகள்தான் மண்டியிடுகின்றன."

உண்மைதான். பலிபீடம் முழுக்கப் புழுக்கை.
ஆப்பிரிக்கக் கோதுமைக் கப்பல் வராமல்போன வருடம்,
வடக்கே கோத்தர்கள் என்ற பேச்சு.
பழைய சாமிகளைக் கைவிட்டதால்தான் என்றான் மீன்காரன்,
சுவருக்கும் காதுண்டு என்று குரலைத் தாழ்த்தி.
முழுசாகக் கைவிடாததால்தான் என்றார் ஆயர்,
உரக்க.
ரொட்டி இருவருக்கும் ஒரே அளவில் சிறுத்தது.

சம்மட்டி ஓங்கினேன்.
நாலாவது அடியில் அவள் வலது காது
தனியாக வந்து காலடியில் விழுந்தது.
மற்ற கல்லெல்லாம் வெள்ளை,
காது மட்டும் மஞ்சள். வழவழப்பு.
எத்தனை தலைமுறை வாய் வைத்துத் தேய்த்த
மூச்சோ, எண்ணெயோ.

எங்கள் பையனுக்குக் காய்ச்சல் கண்டபோது
ரெஸ்தித்தூதா இருட்டில் போய்
இதற்குள்தான் பேசினாள்.
என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை.
பையன் பிழைக்கவில்லை.
அதன் பிறகே இருவரும் தண்ணீரில் இறங்கினோம்.

காதைத் துணியில் சுற்றி விறகுக்குப் பின்னால் வைத்தேன்.
எண்ணிப் பார்த்தால் அறுபத்தொன்பதரைக் கூடை.
ஒரு காதால் அரைக் கூடை நிரம்பாது, தெரியும்.
இருந்தாலும் அடுத்த சூளையில் போட்டேன்.
வீட்டுக்குக் கொண்டுபோனால்
அவள் பார்த்துவிடுவாள்.

இப்போது தேவாலயச் சுவர் கண்ணைக் கூசுகிறது.
ஞாயிறுதோறும் மற்றவர்கள் முண்டியடித்து முன்னே போக
ரெஸ்தித்தூதா தூணுக்குப் பின்னால் நின்று
சுவரில் முகம் பதித்து
வாயசைக்கிறாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
நேற்றுத் திரும்பும் வழியில்
அவள் உதட்டில் வெள்ளை ஒட்டியிருந்தது.
எரியும், துடைத்துக்கொள் என்றேன்.