ஒரு கால் தூரம்

திபோவின் கைக்கு ஒரு சாண் இடம் போதும்.
விங் சுன். மார்பெலும்பின் மேல்
தையல் மெஷின் ஓடுவதுபோல் குத்துவான்.
ஒட்டினால் உடும்பு.

எனக்கு சவாத். சப்பாத்து போட்ட கால்.
மார்சேய் துறைமுகத்துப் பழைய ஐஸ் கிடங்கில்,
மீன் வாடை இன்னும் போகாத சிமெண்டுத் தரையில்
அவன் சாண் ஏறினான்,
நான் முழம் சறுக்கினேன்.

முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு.
வந்த கால் நின்றது.
தொடையில் ஒன்று. விலாவில் இன்னொன்று, மெல்ல.
அவன் கைகள் என் கைகளைத் தேடின
இருட்டில் ஸ்விட்ச் தேடுகிற மாதிரி.
நான் கொடுக்கவில்லை.

மூன்றாவது சுற்றில் முதுகில் சுவர் இடித்தது.
நான்கு குத்து. ஐந்தாவதை எண்ணவில்லை.
அவன் தோளைக் கட்டிப்பிடித்துச் சுழன்றேன்.
சவாத்தில் அது குற்றம்;
நடுவர் நூரியா கத்தியது கேட்டது.
கேட்டால் என்ன,
சுவர் இப்போது அவன் முதுகில்.

மணி அடித்த பிறகு
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
வாங்கத்தான் நினைத்தேன்.
கால் தானாக ஓரடி பின்னால் போய்விட்டது.

உதட்டு ரத்தத்தோடு சிரித்தான்,
குனிந்து
பாட்டிலை என் பக்கம் உருட்டிவிட்டான்.