போலாம் ரைட்

நடுக்கத்துக்கு ஐகிரவுண்டில் எழுதிக்கொடுத்தது.
"டோபமைன் மாதிரி வேலை செய்யும்,
அத்தான் இனி சந்தோஷமா இருப்பாரு" என்றான் தம்பி,
அதே டோபமைனை அடக்க
போனைப் பீரோவில் பூட்டி
இரண்டு நாள் விரதம் இருந்தவன்.

கை நின்றது.
முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை
ஆறே முக்கால் பஸ்ஸில் ஆரியங்காவு போய்
லாட்டரிச் சீட்டு வாங்கி வந்தது. தினமும்.
என் வளையல் இரண்டு போனது.

ஐயாயிரம் விழுந்த அன்றைக்கும்
முகத்தில் ஒன்றுமில்லை.
நாளைக்கு எந்தச் சீட்டு என்றார்.
செங்கோட்டைச் சாரலில்
கேட்காமலே நான் வைத்த பஜ்ஜியைத்தான்
கண்மூடித் தின்றார்.

மாத்திரை 'போலாம் ரைட்' சொன்னது;
ஊர் வரவில்லை.

டாக்டர் பாதியாக்கினார்.
டம்ளர் மறுபடி ஆடுகிறது.
பஸ் போனால் மட்டும் திரும்பிப் பார்க்கிறார்,
ஏறியவர்களை எண்ணுவதுபோல்.