கூட்டல்

முதல் வரைவில் எழுதியிருந்தேன்:
கர்லிங் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது.
பேராசிரியர் ஹ்ரின்சுக் ஓரத்தில், பச்சை மையில்:
வந்தது. அப்புறம்?

இரண்டாவது வரைவில்:
நீண்ட குளிர்காலத்தில் இந்த ஆட்டம்
மக்களை ஒன்று சேர்த்தது.
"இதை மறுக்க ஓர் ஆளைக் காட்டு.
மறுக்க ஆளில்லாத வரியை வைத்து
இருபது பக்கம் எழுதமுடியாது."

மூன்றாவதை நானே கிழித்தேன்.

ரெஜைனாவில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்து நிறுத்தத்தில் இமைமுடி ஒட்டிக்கொள்கிறது,
அம்மா ராஜபாளையத்திலிருந்து கேட்கிறாள்:
ஐஸ்ல கல்லைத் தள்ளுறதுக்கு வரலாறு வேறயா?
இதுக்கா லோன் போட்டோம்?

என்னவென்று சொல்வது.
இருபது கிலோ கருங்கல்லை ஒருவர் மண்டியிட்டு விடுகிறார்.
இருவர் அதன் முன்னால்
துடைப்பத்தோடு கூட்டிக்கொண்டே ஓடுகிறார்கள்.
கூட்டக் கூட்டக் கல் தூரம் போகும்.
கல்லைத் தொட்டால் தப்பு,
அது போகும் வழியைத் தொடலாம்.
போய்ச் சேரும் வட்டத்துக்கு வீடு என்று பெயர்.
(அறம் பொருள் இன்பம் எல்லாம் முடிந்து
கடைசியில் வருகிற வீடு இல்லை அம்மா.
சும்மா, வீடு.)

ஆவணக் காப்பகத்தில் பென்சில் மட்டும் அனுமதி.
டேரல் பதினாலாம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.
ஹாலோ க்ரீக் கர்லிங் சங்கம், 1934.
மழை பொய்த்த வருடங்கள்;
பேரேட்டின் தையலுக்குள் இன்னும் யாரோ ஒருவர் வயலின் மண்.

கூட்டம் கூடியது. தலைவர் முன்மொழிந்தார்.
பொருளாளர் வழிமொழிந்தார்.
தீர்மானம் ஏழு: பெண்கள் பனிக்களத்தில் இறங்கக் கூடாது.
தீர்மானம் எட்டு: பெண்கள் தேநீருக்கும் சாண்ட்விச்சுக்கும்
நன்றி.
பின்னிணைப்பில் தேநீர்ப் பட்டியல், பத்தொன்பது பேர்.
திருமதி ஏ. லிண்ட்க்விஸ்ட், திருமதி ஜே. பெரெபெலுக்,
கணவர்களின் முதலெழுத்தைக்
கோட்டுபோல் மாட்டிக்கொண்டு.

மூன்று நாள் இதையே படித்தேன்.
நாலாம் நாள், சலிப்பில், செலவுப் பக்கம்.

துடைப்பம், ஏழு டஜன்.

உறுப்பினர் இருபத்துநாலு பேர்.
ஆளுக்குப் பருவத் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று,
விதியிலேயே இருக்கிறது.
நாற்பத்தெட்டு.
பென்சிலால் கூட்டினேன். விரல் விட்டுக் கூட்டினேன்.
மூன்று டஜன் துடைப்பம்
எந்தக் கையிலும் இல்லாமல் நிற்கிறது.

அப்போதுதான் காதில் விழுந்தது,
இத்தனை நாள் வாய்க்குள்ளேயே கிடந்த சொல்.
கூட்டம் கூட்டுவது ஒருவர்.
கணக்கைக் கூட்டுவது ஒருவர்.
கூட்டுவது யார்?

வேகமாகப் பக்கம் புரட்டியதற்கு டேரல் முறைத்தான்.
செவ்வாய்க்கிழமைகளில் களம் பூட்டப்பட்டிருக்கும்: பக்கம் 9.
புதன் காலை களத்தைச் சீர்செய்த கூலி,
நாற்பது சென்ட்: பக்கம் 31.
அடுத்த புதனும். அடுத்த புதனும்.
பூட்டிய களத்தை
முந்தின நாள் யார் சிராய்த்தது?

பத்தொன்பது பேருக்கு ஆளுக்கு இரண்டென்றால் முப்பத்தெட்டு.
இரண்டு குறைகிறது.
யாரோ இருவர் வீட்டு விளக்குமாற்றைக் கொண்டுவந்திருப்பார்கள்.
அல்லது அது என் ஆசை.
அடிக்குறிப்பில் ஆசை என்றே எழுதிவைத்தேன்,
பிறகு அடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் அறையில் ஒரே வரியோடு போனேன்:
யார் ஆடினார்கள் என்பதைத் தீர்மானங்கள் மறைக்கின்றன;
துடைப்பக் கணக்கு மறைக்கவில்லை.

ஹ்ரின்சுக் கண்ணாடியைக் கழற்றினார்.
"துடைப்பம் திருடு போயிருக்கலாம்."
போயிருக்கலாம்.
"சமையலறையைக் கூட்ட வாங்கியிருக்கலாம்."
மூன்று டஜனா?
"செவ்வாயன்று சிறுவர்கள் பூட்டை உடைத்து ஆடியிருக்கலாம்."
இதை நான் யோசிக்கவில்லை.
"யோசி. புதன்கிழமைக் கூலி ஒன்றும் நிரூபிக்காது,
வாரம் ஒருமுறை வழக்கமாகவே இருக்கலாம்."

அவர் மறுக்க மறுக்க
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
செப்டம்பரிலிருந்து இந்தக் கட்டுரையை
ஒருவர்கூட மறுத்ததில்லை.

வெளியே வந்தபோது நாலரை, இருட்டிவிட்டது.
நடைபாதையில் புதுப் பனி, கணுக்கால் வரை.
எனக்கு முன்னால் போன யாரோ
பேருந்து நிறுத்தம்வரை
ஒரு ஆள் அகலத்துக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.
அதிலேயே நடந்தேன்,
சிறுவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்தபடி.