விழுந்த தேதி

காப்பீட்டுப் படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
விபத்து நடந்த தேதி.

விழவில்லை என்று எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள்.
அடிபடவில்லை என்று எழுதினேன்.
அதுவும் திரும்பி வந்தது.
கெயோன் துறைமுக அலுவலகத்தில்
மழைக்கோட்டு சொட்டச் சொட்ட நிற்கிறேன்.
எவாரிஸ்தோ,
உன் தோளுக்குள் எலும்பு என்றைக்குச் செத்தது?

பதினேழு வருடம் நீ குளியாள்.
படகில், கம்ப்ரசர் இரைச்சலில், உன் மூச்சுக்குக் காவல் நான்.
மஞ்சள் குழாய் என் விரலிடுக்கில் ஓடும்.
நாற்பது மீட்டர் கீழே கடல்முள்ளெலி பொறுக்குவாய்.
வலை நிறைந்தால் மூன்று இழுப்பு.
நின்று நின்று ஏற வேண்டுமாம்.
யாருக்கு நேரம்? ஐந்து மணிக்கு லாரி போய்விடும்.

காஸ்த்ரோவில் டாக்டர் ரோமினா கேட்டார்:
நிறையக் குடிப்பாரா?
ஊரில் எல்லாரும் குடிக்கிற அளவு.
ஸ்டீராய்டு?
ஒரு குளிர்காலம், மூச்சிரைப்புக்கு.
அவர் எழுதிக்கொண்டார்.
அதுவாகவும் இருக்கலாம், ஆழமாகவும் இருக்கலாம் என்றார்.
புளித்த ஆப்பிள் சாற்றுப் புட்டியைச் சட்டெனத் திறந்தால்
பொங்குமே, அப்படி ரத்தத்தில் குமிழ்.
நூலளவு வழி அடைபடும்.
அன்னந்தண்ணி போகாத எலும்பு
சத்தமில்லாமல் சாகும்.

முதலில் எக்ஸ்-ரே சுத்தமாகத்தான் இருக்குமாம்,
ஸ்கேனில் மட்டும் ஒரு நிழல்.
அந்த வருடம்தான் நீ கூரைக்குப் புதுப்பலகை அடித்தாய்.
காகுவாச் தீவுத் திருவிழாவில்
யோலாந்தாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாய்.
அவள் உட்கார்ந்த இடத்துக்கு அடியில்
அது ஏற்கெனவே செத்திருந்தது.

பிறகு பிறை.
பேனா முனையால் காட்டினார்:
குருத்தெலும்புக்குக் கீழே, நகக்கீறல் போல வெளிச்சம்.
நிலா என்றால் பிறை வளர்ந்து வட்டமாகும்.
இங்கே வட்டம்
முட்டை ஓடு மாதிரி நொறுங்கிச் சப்பையானது.
இனி குழியும் தேயும் என்றார்.

ராத்திரி நீ புரளும்போது
உள்ளே மணல் அரைபடுவது எனக்கும் கேட்கிறது.
காலையில் ஸ்வெட்டருக்குள் உன் வலது கையை நான் நுழைக்கிறேன்.
நீ ஜன்னலைப் பார்க்கிறாய்.

மூன்று இழுப்பு வந்ததும்,
லாரியைப் பார்த்தபடி
நான் அவசரமாக இழுத்த நாட்கள் எத்தனை?
அதற்கு இந்தப் படிவத்தில் கட்டமில்லை.
இருப்பது எட்டு இலக்கத்துக்கு இடம்.

ஆகஸ்ட் முப்பது என்று எழுதினேன், வருடத்தோடு.
குமாஸ்தா நிமிர்ந்தார்: என்ன நடந்தது அன்று?

மகளைத் தூக்கினார்.

வலித்ததா?

இல்லை ஐயா. பாடிக்கொண்டு வந்தார்.